இடுப்பளவு தண்ணீரில் நங்கூரம்

உலகத்தில் எத்தனையோ கடல், எத்தனையோ கப்பல், எத்தனையோ மாலுமி. ஆனால் இறங்கி நின்றால் இடுப்பு மட்டும் நனைகிற தண்ணீரில் நங்கூரம் போட்ட ஒரே மனிதர் எங்கள் ஊர்க்காரர்தான். அதுவும் தினமும் போட்டார். புயலுக்காக இல்லை, மழைக்காக இல்லை. மதுரையில் யாரோ ஒரு அம்மாவுக்குச் சப்பாத்தி உப்பவில்லை என்பதற்காகப் போட்டார்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருடைய ரேஷன் கார்டில் இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் 'நங்கூரம்'. என் வயசுக்காரர்களுக்கு 'நங்கூரண்ணன்'. பசியாவரத்திலிருந்து ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக் கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஊர்ப் படகு அவர் கையில் இருந்தது. பாலம் வருகிறது, வருகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்த காலம். தீவில் இருக்கிற நாங்கள் ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டுமென்றால் அந்தப் படகு, இல்லாவிட்டால் முட்டி வரை சேறு. படகு ஊருடையது. ஊர் கொடுத்தது, ஊர் பிடுங்கலாம். "உன் படகப் புடுங்கலன்னா பாரு" என்று தினமும் காலையில் யாராவது ஒருவர் அவரிடம் சொல்வது வழக்கம். அவருக்கு வலையும் கிடையாது, ஏரியில் பங்கும் கிடையாது. அந்தப் படகுதான் சோறு.

எனக்கு அப்போதுதான் சென்னையில் முதல் வேலை கிடைத்திருந்தது. காலையில் படகு, அப்புறம் பொன்னேரிக்கு பஸ், அப்புறம் மின்சார ரயில். ஒன்று பிசகினால் மற்ற எல்லாமும் பிசகும். பொன்னேரியில் விட்ட ரயிலை ஆட்டோவில் துரத்திக்கொண்டு போய் அனுப்பம்பட்டில் பிடித்த பெருமை எனக்கு உண்டு. அங்கேயும் விட்டுவிட்டு மீஞ்சூர் வரைக்கும் துரத்திய பெருமையும் உண்டு. எல்லாம் நங்கூரண்ணன் தயவு.

விஷயம் இதுதான். தண்ணீர் படாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழுத்தில் தாலி மாதிரி ஒரு போனைத் தொங்கவிட்டிருப்பார். அதில் ஒரு கேள்வி-பதில் தளம். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், முகம் தெரியாத யாராவது பதில் சொல்வார்கள். பதில் பிடித்தால் மேல் அம்பை அழுத்தலாம், பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது. நங்கூரண்ணன் அதில் ஒருநாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பதில் மட்டும்தான். 'பசியாவரம் படகு' என்ற பேரில்.

எங்கள் தீவில் சிக்னல் ஒற்றைக் கோடு. அதுவும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக் கையைத் தூக்கினால். ஏரி நடுவில் வந்தால் எல்லாக் கோடும் எழுந்து நிற்கும். போன் 'டொய்ங், டொய்ங்' என்று கத்தும். உடனே இன்ஜின் நிற்கும். நங்கூரம் 'தொபக்'கென்று விழும். தண்ணீருக்குள் போகிற சத்தம் கேட்காது, சேற்றில் உட்காருகிற சத்தம்தான் கேட்கும்.

வேலைக்குப் போன முதல் நாளே எனக்கு இந்த வைபவம் நடந்தது.

"இன்னாண்ணா, இன்ஜின் ரிப்பேரா?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. கேள்வி வந்துக்குது."

"எங்கேர்ந்து?"

"கோயம்புத்தூர்லேர்ந்து."

ரேடியோ செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "இறால் குழம்பு வைத்தால் இறால் ரப்பர் போல ஆகிவிடுகிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?" பிறகு படகில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தார். "சொல்லுங்க. எல்லாரும் ஒப்பினாதான் அனுப்புவேன்."

இந்த ஒப்புகிற சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முறை பிரிப்பார்கள். பாடு என்று பேர். பிரித்து முடித்ததும் ஊர்த் தலைவர், "ஒப்பாதவங்க உண்டா?" என்று கேட்பார். ஒரே ஒருத்தர் எழுந்து "எனக்கு ஒப்பல" என்றால் போதும், அவரைச் சமாதானப்படுத்தாமல் கூட்டம் கலையக் கூடாது. ஆனால் அவர் எழுந்து நிற்க வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். நங்கூரண்ணன் இந்த வழக்கத்தை அப்படியே தூக்கி இன்டர்நெட்டில் வைத்துவிட்டார். படகு மொத்தமும் ஒப்பாமல் ஒரு பதிலும் கிளம்பாது.

முதலில் வாயைத் திறந்தது கன்னியம்மா அக்கா. மார்க்கெட்டில் இறால் விற்கிறவர். அவர் பேசினால் ஏரியில் கொக்கு பறக்கும்.

"அந்தப் பொண்ணு இறால எவ்ளோ நேரம் அடுப்புல வெக்குதாம்? கேளு."

"கேட்டு பதில் வர்றதுக்கு நேரமாவும்க்கா."

"அப்ப எழுது. எம்மா, அது இறாலு, ஆட்டுக்காலு இல்ல. பாதி வளையச்சொல்லவே இறக்கிடு. முழுசா சுருண்டு மோதரம் மாரி ஆச்சுன்னா, அப்புறம் நாய்கூட மெல்லாது."

"புளி கொதிச்சப்புறம் போடணும், அத்தையும் எழுதுங்க" என்றார் நண்டு பாய். தீவில் நண்டு வாங்கி ஈரச் சாக்கில் கட்டி அக்கரைக்குக் கொண்டுபோகிற வியாபாரி அவர்.

"இறாலுக்குப் புளியா? தக்காளி போதும் பாய்."

"தக்காளின்னா அது குழம்பே இல்லம்மா. ரசம்."

அவ்வளவுதான். படகு புளிக் கட்சி, தக்காளிக் கட்சி என்று பிரிந்தது. பாயின் சாக்கிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, கால்களுக்கு நடுவில் நடந்து, கரை இருக்கிற திசையில் போனது. அன்றைக்கு அந்தப் படகில் முன்னேறிய ஒரே ஜீவன் அதுதான். கடைசியில் பதில் இப்படிக் கிளம்பியது: 'பாதி வளைந்ததும் இறக்கவும். புளியா தக்காளியா என்பதில் படகு இன்னும் ஒப்பவில்லை. ஒப்பியதும் எழுதுகிறோம்.'

என் ரயில் அதற்குள் மீஞ்சூரைத் தாண்டியிருக்கும்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் வெடித்துவிட்டேன். "ஏண்ணா, கேக்கறவங்க யாரோ, நீங்க யாரோ. கரைக்குப் போய் நிதானமா பதில் போடக் கூடாதா?"

"கரையில உட்டா நீங்கல்லாம் நிப்பீங்களா? பஸ்ஸு பஸ்ஸுன்னு ஓடுவீங்க. எனக்குத் தனியா இன்னா தெரியும்?" என்றார். கோபமே இல்லாத குரல். பிறகு, "ஒன்னு சொல்லு தங்கச்சி. மதியானம் படகக் கட்டிட்டு சோத்துல கைய வெச்சுக்கறேன். அக்கரையில ஒரே ஒருத்தன் நின்னு கையத் தூக்கறான். நான் போவணுமா, வேணாவா?"

"போகணும்."

"ஏன்?"

"ஊர்க் கட்டுப்பாடு அது. கையத் தூக்கினா படகு போயாகணும்."

"இதுவும் கை தூக்கறதுதான். கொஞ்சம் தூரமான அக்கரை, அவ்ளோதான்."

எனக்குக் கோபம் போய்விட்டது. ரயிலும் போய்விட்டது.

அப்புறம் நடந்ததையெல்லாம் சொன்னால் நீங்கள் நான் அளக்கிறேன் என்பீர்கள். வீட்டுப்பாடம் செய்கிற ஒரு குழந்தை, 'பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது?' என்று கேட்டது. கேள்வியைப் படித்ததும் நங்கூரண்ணன் நங்கூரத்தைப் போடவில்லை. படகையே திருப்பிவிட்டார். வடக்கே மேட்டில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகளிடம் நேரில் விசாரிக்கப் போனோம். பூநாரைகள் பேட்டி கொடுக்காமல் பறந்துவிட்டன. "சரி, நாமளே நின்னு பாப்போம்" என்றார். கன்னியம்மா அக்கா இடுப்பில் இறால் கூடையோடு, பாய் நண்டுச் சாக்கோடு, நான் ஆபீஸ் பையோடு, எல்லாரும் ஆடுகிற படகில் ஒற்றைக் காலில் நின்றோம். அக்கரையிலிருந்து பார்த்த ஒரு சுற்றுலாக்காரர் எங்களைப் போட்டோ எடுத்ததாகக் கேள்வி. 'ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்தக் காலுக்குக் குளிராது. அசதியும் குறையும் என்று சொல்கிறார்கள். ஆனால் பழக்கம் வேண்டும். எங்களில் ஒருவர் விழுந்துவிட்டார்' என்று பதில் போனது. விழுந்தது நான்தான். இடுப்பளவு தண்ணீர் என்பதை அன்றைக்குத்தான் அளந்து உறுதி செய்தேன்.

இன்னொரு நாள் மாமியார் மருமகள் கேள்வி ஒன்று வந்தது. மாமியார்கள் எல்லாரும் ஒரு பக்கம், மருமகள்கள் எல்லாரும் இன்னொரு பக்கம் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் ஊரில் மாமியார்கள் நல்ல உடம்பு. படகு சாய்ந்தது. "ரெண்டு மாமியார் இப்டி வாங்க! நியாயத்துக்காக இல்ல, முழுகிடுவோம்!" என்று கத்தினார் நங்கூரண்ணன்.

இப்படி சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கீழ் அம்பு வந்தது.

யாரோ ஒருவர், கன்னியம்மா அக்காவின் இறால் பதிலுக்குக் கீழ் அம்பை அழுத்திவிட்டார். ஒன்றே ஒன்று. நமக்கெல்லாம் அது ஒரு எண். நங்கூரண்ணனுக்கு அது ஊர்க்கூட்டத்தில் ஒருத்தர் 'ஒப்பல' என்று சொன்னதற்குச் சமம். இன்ஜினை நிறுத்தினார்.

"படகுல யாரோ ஒப்பல. அன்னிக்கு ஒப்பறேன்னு தலையாட்டிட்டு இப்ப அழுத்திக்கறாங்க. யாரு?"

"என்ன ஏன்டா பாக்கற? சொன்னதே நான்தான்" என்றார் கன்னியம்மா அக்கா.

"பாய்?"

"அல்லா சத்தியமா நான் இல்லப்பா. புளி வேற, அம்பு வேற."

அது வெளியூர்க்காரர் யாராவதாக இருக்கும், தளம் பேரைக் காட்டாது என்று நான் விளக்கினேன். அவருக்கு அதுதான் புரியவே இல்லை. "எழுந்து நிக்காம, மூஞ்சக் காட்டாம, காரணம் சொல்லாம ஒப்பலன்றது இன்னா பழக்கம் தங்கச்சி? அவரு மனசுல இன்னா குறையோ. அவர சமாதானம் பண்ணாம அடுத்த பதிலுக்கு எப்டிப் போறது?"

போகவில்லை. கேள்விகள் டொய்ங் டொய்ங் என்று வந்து குவிந்தன, அவர் பதிலே போடவில்லை. படகு நேரத்துக்குப் போகும் என்று சந்தோஷப்பட்டீர்களா? அதுவும் இல்லை. அவர் துக்கத்தில் படகை அவ்வளவு மெதுவாக ஓட்டினார். பிறகு தன் பதிலுக்குக் கீழேயே இப்படி எழுதினார்: 'கீழ் அம்பு போட்ட அண்ணனுக்கோ அக்காவுக்கோ வணக்கம். பசியாவரம் படகுத்துறைக்கு வாங்க. டீ சாப்பிட்டுப் பேசலாம். குறை இருந்தா சொல்லிட்டு அம்பை எடுத்துட்டுப் போங்க. வர வழி தெரியலன்னா நானே வந்து கூட்டிக்கிட்டு வரேன்.'

பதில் வந்தது. 'ஐயா, மன்னிக்கவும். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். டிரைவர் பிரேக் போட்டதில் விரல் பட்டுவிட்டது. எடுத்துவிட்டேன். இறால் நன்றாக வந்தது.'

அன்றைக்கு படகில் எல்லாருக்கும் டீ. "பாத்தியா? கூப்ட்டு உக்கார வெச்சுக் கேட்டா எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்த பஸ் டிரைவர் மேல்தான் கோபம்.

இதெல்லாம் சில்லறை. இனிமேல் சொல்லப்போவதுதான் பெரிசு. அதில்தான் படகே போகப் பார்த்தது.

ஊர்த் தலைவருக்கு ஒரே மகள், செல்வி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளைப் பெண் பார்க்க லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவர்களை அக்கரையில் வரவேற்று அழைத்து வரத் தலைவர் மனைவியே பூவும் பழமுமாகப் போயிருந்தார். துணைக்கு நானும் கன்னியம்மா அக்காவும். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. நல்ல உயரம். கூட அவருடைய மாமா ஒருத்தர், வெள்ளந்தியான மனிதர், யாரைப் பார்த்தாலும் சிரித்தார்.

ஏரி நடுவில் வந்ததும் 'டொய்ங்'.

"இன்னிக்கு வேணான்டா" என்று கன்னியம்மா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நங்கூரண்ணன் காதில் அது விழவே இல்லை. கேள்வி வந்துவிட்டால் உலகத்தில் வேறு எதுவும் அவர் கண்ணில் படாது. தொபக்.

படித்தார். "பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை குடிப்பாரா, மாட்டாரா என்று வீட்டில் யாரும் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்றால் பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? அவசரம்."

ஏரியில் அலைகூட நின்றுவிட்டது. தலைவர் மனைவி வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளந்தி மாமாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. தனக்குத் தெரிந்த பாடத்தில் கேள்வி வந்த மாணவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது இன்னா பெரிய விசயம்? எழுதிக்கப்பா. வர்றச்சொல்லவே ஏலக்கா மென்னுகினு வந்தான்னா ஒரு சந்தேகம். கூலிங் கிளாஸக் கழட்ட மாட்டேன்னான்னா ரெண்டாவது சந்தேகம். 'காத்தாட நிக்கறேன்'னுட்டு அப்பப்ப ஆளு காணாமப் போனான்னா, சந்தேகமே வேணா."

படகு முழுக்க மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தது. துறையில் ஏறினதிலிருந்து அசைந்துகொண்டிருந்த அவருடைய தாடை நின்றது.

"தம்பி, வாய்ல இன்னாப்பா?" என்றார் கன்னியம்மா அக்கா.

"சூயிங்கம்."

"எங்க, ஊது."

ஏரி முழுக்கப் பாயசம் வைத்த மாதிரி மணத்தது.

நங்கூரண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "எல்லாரும் ஒப்பறீங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கரையில் இறங்கவே இல்லை. அதே படகில் திரும்பிவிட்டார்கள். மாமா மட்டும் போகும்போதும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

தலைவர் ஆடிவிட்டார். "படகு ஆள ஏத்தறதுக்கா, என் மானத்த ஏத்தறதுக்கா?" அடுத்த ஞாயிறு சாயங்காலம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பேச வேண்டியது ஒன்றே ஒன்று: நங்கூரத்திடமிருந்து படகைப் பிடுங்குவது. தினமும் சொன்ன பேச்சுதான். ஆனால் இந்த முறை யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

நங்கூரண்ணன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நடுவில் நின்றார். கழுத்தில் போன்.

"இதோ பாருடா, உன் பொழப்பக் கெடுக்கணும்னு எனக்கு ஆச இல்ல" என்றார் தலைவர். "இனிமே பதில் போட மாட்டேன்னு ஊர் முன்னால சொல்லு. படகு உனக்கே."

நங்கூரண்ணன் தலையைச் சொறிந்தார். "நடு ஏரியில நிறுத்தாம வேணா ஓட்டறேன் தலைவரே. பதிலே போட மாட்டேன்னு எப்டிச் சொல்றது? கையத் தூக்கறாங்களே."

"சரி. அந்தக் கேள்வி எவன் கேட்டான்னாவது சொல்லு. அவனப் பாத்துக்கறேன்."

"பேரு போடாமதான் கேட்டுக்கறாங்க. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது தலைவரே. படகுல ஏர்றவங்க எங்க போறாங்க, இன்னாத்துக்குப் போறாங்கன்னு இது வரைக்கும் யார்கிட்டயாவது சொல்லிக்கறனா?"

"அப்ப சாவியக் குடு." தலைவர் கையை நீட்டிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். வழக்கம் வழக்கம்தான், கேட்டாக வேண்டும். "ஒப்பாதவங்க உண்டா?"

பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கத்திலிருந்து, "எனக்கு ஒப்பல!" கொக்கு பறந்தது. கன்னியம்மா அக்கா.

"நீயா? ஐஸு கரையுது, இறாலு கெடுதுன்னு தினம் அவனத் திட்டறவளே நீதானே கன்னிம்மா?"

"திட்டுவேன். அது எனக்கும் அவனுக்கும். திருச்சியிலேர்ந்து ஒரு பொண்ணு காரப்பொடி மீன ஆய்றது எப்டின்னு கேட்டுக்குது. பாதிதான் சொல்லிக்கறேன். பாவம், அது பாதி ஆஞ்ச மீன வெச்சுகினு நிக்குது. மீதிய யாரு சொல்லுவா? நீ சொல்லுவியா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் தலைவர் வழக்கம் தெரிந்தவர். ஒப்பாதவரைச் சமாதானம் செய்தால் போதும். "சொல்றேன். நீ எனக்குச் சொல்லு, நானே அந்தப் பொண்ணுக்கு எழுதி அனுப்பறேன். ஒப்பறியா?"

அக்காவுக்கு வாய் அடைத்துவிட்டது. என் வாழ்நாளில் முதலும் கடைசியும். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"வேற யாருனா?"

ஊர்க்காரர் இல்லாததால் பேச உரிமையில்லாத நண்டு பாய், வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்று எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கூரண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"எனக்கு ஒப்பல நைனா."

செல்வி. அவள் அப்பாவின் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. எழுந்து நின்றாள், முகத்தைக் காட்டினாள். இனி காரணம்தான் பாக்கி.

"கேள்வி கேட்டது நான்தான்."

தலைவரின் நீட்டிய கை அப்படியே இருந்தது.

"அவரு குடிப்பாராமேன்னு உங்கிட்டதான் மொதல்ல கேட்டேன். எல்லாம் விசாரிச்சாச்சு போன்னுட்ட. அம்மாகிட்ட கேட்டேன். நைனாகிட்ட கேளுன்னாங்க. அப்புறம் தண்ணித் தொட்டி மேல ஏறி, ஒத்தக் கோட்டுல, உலகத்துகிட்ட கேட்டேன். உலகத்துல யாரும் நிக்கல நைனா. நம்ம படகுதான் நின்னுச்சு." நங்கூரண்ணன் பக்கம் கையைக் காட்டினாள். "அவருகிட்டயிருந்து படகப் புடுங்கிட்டா, இன்னொரு வாட்டி நான் யார்கிட்ட கேக்கறது?"

"எங்கிட்ட கேளு" என்றார் தலைவர், மெதுவாக.

"சொல்வியா?"

கன்னியம்மா அக்காவுக்குச் சட்டென்று பதில் கொடுத்த மனிதர் கோயில் விளக்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நீட்டிய கையை மடக்கினார். ஒப்பாதவர் ஒருத்தர் நின்றுகொண்டே இருக்கிறார், அவரைச் சமாதானம் செய்ய ஊரில் ஆள் இல்லை. அதற்குள் நானும் எழுந்து நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து என் நைனா, "உனக்கு இன்னாம்மா? உன் ரயில விட வெச்சவனே அவன்தானே" என்றார். அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் உட்காரத் தோன்றவில்லை. இன்னும் பலர் எழுந்தார்கள். படகைச் சாய்த்த மாமியார்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "படகு அவன்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒன்னு. காலையில நடு ஏரியில நிறுத்தக் கூடாது. புள்ளைங்க வேலைக்குப் போவுதுங்க. சாயங்காலம் திரும்பி வர்றச்சொல்ல எவ்ளோ நேரம் வேணா நிறுத்திக்க." பிறகு யாரையும் பார்க்காமல், "ஒப்பாதவங்க உண்டா?"

இல்லை.

கூட்டம் கலையும்போது நங்கூரண்ணன் செல்வியிடம் போனார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, பதில அன்னிக்கே அனுப்பிட்டேனே, வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுண்ணா. மேல் அம்பு போட்டேன்."

"அது நீதானா?" என்றார், முகமெல்லாம் பல்லாக.

மறுநாள் திங்கட்கிழமை. படகு கிளம்பியது. நடு ஏரி வந்தது. டொய்ங், டொய்ங். நங்கூரண்ணன் போனைத் தொடவில்லை, நேராகக் கரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நண்டுகள்கூடச் சாக்கில் அசையவில்லை. படகு சரித்திரத்தில் முதல் முறையாக நேரத்துக்குத் துறையில் போய் முட்டியது. மேலே பொன்னேரி பஸ் இன்ஜினைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

யாரும் இறங்கவில்லை.

"இன்னாடா, டொய்ங்குன்னுச்சே" என்றார் கன்னியம்மா அக்கா, கூடையை மடியில் சரி செய்துகொண்டு. "இன்னான்னு படி."

"காலையில கூடாதுன்னு தலைவரு..."

"நடு ஏரியிலதான் கூடாதுன்னாரு. இது கரை."

பாய் சாக்கைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார். நங்கூரண்ணன் என்னைப் பார்த்தார். ரயிலுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். பஸ் ஒருமுறை ஹார்ன் அடித்தது, இன்னொரு முறை அடித்தது, பிறகு கிளம்பி வளைவில் திரும்பியது.

"படிங்கண்ணா" என்றேன்.

கரையில் விட்டால் நிற்பீர்களா என்று ஒருநாள் கேட்டாரே, அவர் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. எங்கே நாங்கள் மனசு மாறி இறங்கிவிடுவோமோ என்று பயந்தவர் போல, சட்டென்று குனிந்து நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கணுக்கால் அளவு தண்ணீரில்.